ஈரக்கை – 9: டிரிப்பரைத் தாண்டிய ஒயர்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் திலகவதியின் காதில் இரண்டு நல்ல வார்த்தைகள் விழுந்துவிட்டன. ஓரகத்தி இந்த வீட்டுக்கு வந்த பிறகு இப்படி ஒரு காலை அவளுக்கு விடிந்ததே இல்லை.

முதலில் சொன்னவர் மாமனார் வேணுகோபால். தறியில் உட்கார்ந்து நாடாவைக் கையில் எடுத்தவர், "ரெண்டு நாளா கரண்டு போவவே இல்ல பாத்தியா திலகா. உன் தம்பி கை வச்சா அது வேற மாதிரிதான்" என்றார். அடுத்த தறியில் இருந்த அவள் புருஷன் தமிழ்வாணனும் தலையாட்டி, மச்சான் வீரபாகுவைப் போய்ச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்றான்.

தலைக்குக் குளித்துவிட்டுக் கூடத்தில் முடியை உலர்த்திக்கொண்டிருந்த ஓரகத்தி பவித்ராவும் இதைக் கேட்டாள்.

"எப்படிக்கா சரியாச்சு? இன்னா பண்ணாரு?"

லூஸ் கனெக்ஷனாம், முடுக்கிவிட்டானாம் என்று சொல்லிவிட்டுத் திலகவதி சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே போய்த்தான் சிரித்தாள்.

தமிழ்வாணனின் தம்பி ரஞ்சித்குமாரைக் கட்டிக்கொண்டு பவித்ரா இந்த வீட்டின் இளைய மருமகளாக வந்து எட்டு மாதம் ஆகிறது. எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடித்தால், வேணுகோபால் தறியை விட்டு எழுந்து போய், இதோ வந்துகினே இருக்கா என்று டிரைவருக்குக் கை காட்டுவார். ஒன்பது வருஷத்தில் திலகவதி பிறந்த ஊரான தேவிகாபுரத்துக்கு எத்தனையோ முறை புறப்பட்டிருக்கிறாள். எந்த பஸ்ஸுக்கும் அவர் கை காட்டியதில்லை.

மகள் தன்ஷிகா வீட்டுப்பாட நோட்டைத் தூக்கிக்கொண்டு சித்தியிடம்தான் ஓடுகிறாள். மிக்ஸி ஓடவில்லை, அயர்ன் பாக்ஸ் சூடாகவில்லை என்று தெருப் பெண்கள் வருகிறார்கள். வாசலில் திலகவதியே நின்றாலும், "சின்ன மருமவ இல்லியா?" என்று அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். பவித்ராவின் கம்பெனி அட்டை நீல நாடாவோடு சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் படத்தைத் துடைக்கும் மாமியார் சின்னம்மாள், அந்த அட்டையையும் சேர்த்துத் துடைக்கிறாள்.

அதெல்லாம்கூடத் திலகவதி பொறுத்துக்கொண்டாள். ஒயரிங் விவகாரத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வீட்டில் எங்கே கரண்ட் கசிந்தாலும் அந்த நொடியே சப்ளையை நிறுத்திவிடும் என்று சொல்லி, பவித்ரா மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு சாதனம் வாங்கி வந்தாள். தெரிந்த ஒயர்மேனைக் கூப்பிட்டு மெயின் போர்டில் மாட்டினாள். அதற்கு இங்கிலீஷில் நாலு எழுத்துப் பெயர். வீட்டில் எல்லோரும் டிரிப்பர் என்றார்கள். மாட்டியதிலிருந்து கிரைண்டரைப் போட்டால் போதும், டிரிப்பர் விழுந்து வீடே இருண்டது. மூன்று தடவை திலகவதி பாதி அரைந்த மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

டிரிப்பர் அதன் வேலையைச் செய்கிறது, கோளாறு ஒயரிங்கில் இருக்கிறது என்றாள் பவித்ரா. போன வாரம் ஒரு பிளக்கைக் கழற்றி எல்லோர் முன்னாலும் காட்டவும் செய்தாள். மூன்று ஓட்டையில் மேல் ஓட்டைக்கு ஒயரே இல்லை.

"எந்த பிளக்குக்கும் எர்த்தே போடல மாமா. கிரைண்டர் பாடில கரண்டு ஏறினா வேற எங்க போவும்? தொட்டவங்க உடம்பு வழியாதான் போவும்." யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய் ஆளைப் பிடிக்கக் கூடாது, முதலில் மெயினை இறக்க வேண்டும் என்றும் அன்றைக்கு எல்லோருக்கும் சொன்னாள்.

அந்த ஒயரிங் செய்தவன் திலகவதியின் தம்பி வீரபாகு. அக்கா வாழப்போகும் வீடு என்று, கல்யாணத்துக்கு முந்தின மாதம் வந்து தங்கி வீடு முழுக்க ஒயர் இழுத்துக் கொடுத்தவன். கூலி எதுவும் வாங்கவில்லை. பிறந்த வீட்டுப் பெருமை என்று திலகவதி சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. அதையும் நேற்று வந்தவள் ஸ்க்ரூடிரைவரால் குத்திக் காட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தம்பியை வரவழைத்தாள். வீரபாகு போர்டைப் பார்த்துவிட்டு, சுவருக்குள் எங்கோ கசிகிறது, உடைத்து வேறு ஒயர் இழுத்தால்தான் சரியாகும் என்றான். சுவரை உடைத்தால் பவித்ரா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

"அதெல்லாம் வேணாம். விழாம பண்ணிடு, போதும்" என்றாள் திலகவதி.

அவன் டிரிப்பருக்குள் போய் வந்த ஒயர்களைக் கழற்றி, டிரிப்பரைத் தொடாமல் கரண்ட் நேராக வீட்டுக்குள் போகும்படி முறுக்கி டேப் சுற்றினான். டிரிப்பரின் குமிழை ஒப்புக்கு மேலே தள்ளிவைத்து மூடியைத் திருகினான். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. யாரிடமும் சொல்லாதே என்று அவன்தான் சொன்னான். சொல்லும் உத்தேசம் அவளுக்கும் இல்லை.

சனிக்கிழமை உளுந்து அரைக்கும்போது கிரைண்டர் விளிம்பில் புறங்கை பட்டுச் சுருக்கென்றது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை தொட்டாள். இந்த முறை முழங்கை வரை ஏறியது. சொன்னால் பவித்ரா டெஸ்டரோடு வந்து நிற்பாள், போர்டு மூடியைத் திறப்பாள். திலகவதி ஒரு மரப்பலகையைக் காலுக்கடியில் போட்டுக்கொண்டு மிச்ச மாவை அரைத்து முடித்தாள்.

இதோ ஞாயிற்றுக்கிழமை.

லீவு நாள்தானே, நான் அரைக்கிறேன், நீங்கள் உட்காருங்கள் அக்கா என்று பவித்ரா பின்கட்டுக்கு வந்தாள். அதைக் கேட்ட சின்னம்மாள், வாரமெல்லாம் பஸ்ஸில் அலைகிற பெண் வீட்டில் இருக்கிற ஒரு நாளும் சும்மா இருக்கமாட்டேன் என்கிறதே என்று உருகினாள். வாரம் ஏழு நாளும் அரைப்பவள் பக்கத்தில்தான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பலகையைப் பவித்ரா காலையிலேயே கழுவி வெயிலில் சாய்த்திருந்தாள். இப்போது ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கிரைண்டரைப் போட்டாள்.

செருப்பு போட்டுக்கோ என்று சொன்னால் போதும். அது திலகவதியின் தொண்டை வரை வந்தது. ஏன் என்று பவித்ரா கேட்பாள். அப்புறம் காலையில் கிடைத்த இரண்டு நல்ல வார்த்தைகளும் போய்விடும். பத்து நிமிஷ வேலை, தொடாமல் அரைத்துவிடுவாள் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்துக்கு அடியில் வேறொன்றும் கிடந்தது. இவளுக்கும் ஒரு தடவை சுருக்கென்று பட்டால்தான் என்ன?

பாத்திரக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சற்று நேரத்தில் பவித்ராவுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பின்கட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை என்று சின்னம்மாளிடம் சொல்லிவிட்டு அவள் மொட்டை மாடிக்கு ஏறினாள். அந்தக் காலடிச் சத்தம் திலகவதிக்குக் கேட்டது. மாமியார் கிரைண்டர் பக்கம் போனதை அவள் பார்க்கவில்லை.

அலறல் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்ச் சொம்பு தரையில் விழுந்து உருண்ட சத்தம் மட்டும் கேட்டது. திலகவதி எட்டிப் பார்த்தாள். சின்னம்மாளின் ஒரு கை மாவுக்குள் இருந்தது, இன்னொரு கை விளிம்பைப் பிடித்தபடி இறுகியிருந்தது. உடம்பு முழுக்க உதறியது. வாய் திறந்திருந்தும் குரல் வரவில்லை.

"அத்தை" என்று பாய்ந்தவள், ஓரடி தூரத்தில் கையை இழுத்துக்கொண்டாள். போன வாரம் பவித்ரா சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. திரும்பிக் கூடத்தைத் தாண்டி ஓடினாள். தறிகளுக்கு நடுவே புகுந்து, பாவு நூலில் கால் பட்டு இழை அறுவதையும் பார்க்காமல், மெயின் சுவிட்சின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கினாள்.

ஃபேன் நின்றது. கிரைண்டரும் நின்றது. பின்கட்டில் ஓர் உடம்பு தரையில் விழும் சத்தம் கேட்டது.

மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்த பவித்ராதான் மூக்கருகே விரலை வைத்து மூச்சு இருக்கிறது என்றாள். ஆட்டோ வந்தது. தமிழ்வாணனும் ரஞ்சித்தும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேணுகோபால் சட்டையைத் தோளில் போட்டபடியே பின்னால் ஏறினார்.

மதியம் இரண்டு மணிக்கு அவரும் ரஞ்சித்தும் மட்டும் திரும்பி வந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, உள்ளங்கை வெந்திருக்கிறது, இதயத் துடிப்பு சீராக இல்லாததால் நாளை வரை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். தமிழ்வாணன் அங்கேயே இருந்துவிட்டான்.

விஷயம் கேட்டுத் தெருப் பெண்கள் கூடத்தில் கூடியிருந்தார்கள். மெயினை ஏற்றக் கூடாது என்று பவித்ரா சொல்லிவிட்டதால் காற்று இல்லை. வேணுகோபால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திலகவதியை முன்னால் அழைத்தார்.

"இவ இல்லன்னா இன்னிக்கி என் வீட்டுக்காரி இல்ல" என்றார். குரல் உடைந்துவிட்டது.

தெருவே அவளைப் பார்த்தது. சின்ன மருமகளைத் தேடி எட்டிப் பார்க்கிற பெண்களில் ஒருத்தி அவள் கையைப் பிடித்து, நீதான் அம்மா இந்த வீட்டுத் தெய்வம் என்றாள். அந்தச் சில நிமிஷங்கள் திலகவதிக்கு இனிக்கத்தான் செய்தன. எட்டு மாதம் பசித்துக் கிடந்தவளுக்கு இலை போட்டது போல இருந்தது.

பிறகு வேணுகோபால் பவித்ரா பக்கம் திரும்பினார்.

"உசுரக் காப்பாத்தும்னு சொன்னியே அந்தப் பொட்டி, இன்னா பண்ணுச்சு? இத்தினி நாளா எங்கள பேஜார் பண்ணுச்சு. வேண்டிய நேரத்துல சும்மா இருந்துகினுது."

அந்தப் பெட்டியை இன்றைக்கே கழற்றி எறிய வேண்டும் என்றார் அவர். வீரபாகுவுக்கு உடனே போன் போடு, இனி இந்த வீட்டு ஒயரில் அவனைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது என்று திலகவதியிடம் சொன்னார். அவள் போன் செய்தாள். அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்று வீரபாகு சந்தோஷமாகச் சொன்னான்.

கூட்டம் கலைந்த பிறகு திலகவதி பின்கட்டுக்குப் போனாள். பவித்ரா கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள் என்று முகமே சொன்னது.

"ஆட்டோ போன உடனே போர்டத் திறந்து பாத்துட்டேன்க்கா" என்றாள் நிமிராமல்.

பிறகு ஏன் மாமாவிடம் சொல்லவில்லை என்று திலகவதி கேட்டாள்.

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? அக்காவ எல்லாரும் தூக்கி வச்சுப் பேசறாங்க, அந்தப் பொறாமையில சொல்றான்னுதான் சொல்வாங்க." பவித்ரா மாவுக் கையைக் கழுவிக்கொண்டாள். "உங்க தம்பி வரட்டும். நீங்களே சொல்லிடுங்க. ஆனா ஒண்ணு, அந்த டிரிப்பரக் கழட்ட விடமாட்டேன். தன்ஷிகா இந்த வீட்டுலதான் வளரப்போறா."

அந்தப் பேச்சில் குத்தலாக ஒரு சொல் இருந்திருந்தால் திலகவதிக்கு வசதியாக இருந்திருக்கும். பதிலுக்கு நாலு வார்த்தை பேசி நெஞ்சை ஆற்றிக்கொண்டிருப்பாள். இவளோ இதிலும் தன்னைவிட ஒரு படி மேலே போய் நிற்கிறாளே என்றுதான் எரிந்தது.

நாலு மணிக்கு வீரபாகு பையோடு வந்தான். வேணுகோபால் எழுந்து நின்று அவனை வரவேற்றார். அவன் நேராகப் போர்டுக்குப் போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"கழட்டறதுக்கு முன்னாடி மூடியத் திறந்து மாமாவுக்குக் காட்டுங்க" என்றாள் பவித்ரா.

வீரபாகுவின் கை தயங்கியது. எதற்கு என்றான். ரஞ்சித் ஸ்க்ரூடிரைவரை வாங்கி மூடியைத் தானே திறந்தான். டிரிப்பருக்குள் ஒரு ஒயரும் போகவில்லை. பக்கத்தில் புது டேப் சுற்றிய முடிச்சுகள் கறுப்பாகத் தொங்கின. கரண்ட் டிரிப்பர் வழியாகப் போகவே இல்லை, அதனால்தான் அது விழவில்லை என்று பவித்ரா மாமனாருக்கு விளக்கினாள்.

வேணுகோபால் பவித்ராவையும் வீரபாகுவையும் மாறி மாறிப் பார்த்தார். இது யார் செய்த வேலை என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது மாமா" என்றான் வீரபாகு. "அன்னிக்கி நான் மெயின் ஸ்க்ரூவ முடுக்கிட்டுப் போனேன், அவ்ளோதான். இந்த டிரிப்பர் எல்லாம் அவங்க சமாச்சாரம். படிச்சவங்க. டெய்லி விழுந்துகினே இருக்குதே, பேர் கெட்டுப்போவும்னு அவங்களே கழட்டி வுட்டிருப்பாங்க."

சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தான். நீயும் ஒரு வார்த்தை சொல் என்கிற பார்வை.

வேணுகோபாலின் முகம் கறுத்து, பவித்ராவின் மேல் நின்றது. ரஞ்சித்கூட ஒரு கணம் மனைவியைச் சந்தேகமாகப் பார்த்தான். சித்தியின் சேலையைப் பிடித்தபடி நின்றிருந்த தன்ஷிகா, பெரியவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பிடியை விட்டாள். நடந்து வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"சித்தியாலதான் ஆத்தாவுக்கு ஷாக் அடிச்சுதாம்மா?"

எட்டு மாதமாகத் திலகவதி ஆசைப்பட்டதெல்லாம் இந்த ஒரு நிமிஷத்தில் கூடத்தில் வந்து நின்றது. மாமனாரின் கோபம், எல்லோரும் தம்பியை மெச்சுவது, பிள்ளை தன்னிடம் திரும்பி வந்தது. அவள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும்.

பிள்ளையின் முகம் அவள் வயிற்றில் அழுந்தியிருந்தது. அந்தச் சூட்டைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இல்லடி. சித்தியால இல்ல" என்றாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள். "நான்தான் கழட்டச் சொன்னேன் மாமா. விழாம பண்ணிடுன்னு சொன்னேன். இவன் எனக்காகத்தான் பண்ணான். நேத்து எனக்கே ஷாக் அடிச்சுது. அதையும் சொல்லல. காலைல பவித்ரா வெறுங்காலோட நின்னுகினு இருந்தா. அப்பவும் சொல்லல."

கடைசி வாக்கியத்தை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அது தானாக வந்துவிட்டது. பவித்ரா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். போர்டைத் திறந்து பார்த்தவளுக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

வீரபாகு ஸ்க்ரூடிரைவரை ரஞ்சித்தின் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டான். "உனக்கு ஓசியில ஒயர் இழுத்துக் குடுத்ததுக்கு நல்ல மரியாத பண்ணிட்டக்கா" என்றான். இனிமேல் போன் செய்யாதே என்று சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தெருவில் இறங்கி நடந்தான். திலகவதி கூப்பிடவில்லை.

வேணுகோபால் வெகுநேரம் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ, காலையில் அவள் கால் பட்டு அறுந்த இழைகள் பக்கம் போய்க் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக முடிச்சுப் போட ஆரம்பித்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போது அவள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்த தமிழ்வாணன் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

"திலகா" என்றாள் சின்னம்மாள். குரல் கம்மியிருந்தது. "ராத்திரிக்கு உன்னையே வரச் சொன்னேன். இந்தக் கையால சாப்பிட முடியல. நீதான் ஊட்டணும். இங்க நர்சுகிட்டல்லாம் சொல்லிகினு இருக்கேன், என் பெரிய மருமவதான் என்னக் காப்பாத்துனான்னு. ஜல்தி வா."

"வரேன் அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

அடுப்பில் கஞ்சி வைத்துத் தூக்குவாளியில் ஊற்றினாள். மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் பவித்ரா வழியை அடைத்தாற்போல நின்றிருந்தாள். இத்தனை நாளாகத் திலகவதி பார்த்திராத முகம் அது.

"வெறுங்காலோட நின்னது நான். அத்தை இல்ல" என்றாள் பவித்ரா. "எனக்குப் பட்டிருந்தா மெயின இறக்கிருப்பீங்களாக்கா?"

ஆமாம் என்று சொல்லத் திலகவதி வாயைத் திறந்தாள். அந்தச் சொல் உடனே வரவில்லை. அது வராமல் நின்ற நேரத்தைப் பவித்ராவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு ஒதுங்கி வழி விட்டாள்.

தெருமுனையில் ஆட்டோ நின்றிருந்தது. திலகவதி அதில் ஏறவில்லை. தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, அத்தைக்கு எதிரில் போய் நிற்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தாள்.